ஆள் மாற்றிப் பிடித்த மூலக்கூறு

சங்கரன்கோவிலில் ரயிலை விட்டு இறங்கும்போது பெட்டியின் சக்கரம் ஒன்று கழன்று தண்டவாளத்துக்கு நடுவே உருண்டுவிட்டது. வண்டி போனபின் எட்டிப் பார்த்தேன். ஜல்லிக் கற்களுக்கிடையில் கருப்பாக ஏதோ தெரிந்தது. எடுத்தாலும் மாட்ட முடியாது. பெட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

துணியைவிட மற்ற சாமான்கள் அதிகம் இருந்த பெட்டி அது. தண்ணீரில் ஃபுளோரைடை அளக்கும் மின்முனை, ஒரு சின்ன மீட்டர், கரைசல் சீசாக்கள், துண்டில் சுற்றிய காலிப் பாட்டில்கள். கோபன்ஹேகன் விமான நிலையத்தில் ஒரு பெண் அதிகாரி அதைத் திறந்து பார்த்து, "இதெல்லாம் எதற்கு?" என்று கேட்டார். தண்ணீர் சோதிக்க என்றேன். "விடுமுறைக்குப் போகிறீர்கள் என்று நினைத்தேன்" என்றார். வீட்டில் நானும் அப்படித்தான் சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

நான் பிறந்தது மாயவரம் பக்கம். பதினான்கு ஆண்டுகளாக டென்மார்க்கில் ஒரு வேதியியல் ஆய்வகத்தில் இருக்கிறேன். அத்தனை ஆண்டும் ஒரே வேலைதான். தண்ணீரில் கரைந்திருக்கும் பலவகை அயனிகளில் ஒன்றை மட்டும் அடையாளம் கண்டு பிடித்துக்கொள்ளும் மூலக்கூறுகளை உருவாக்குவது. அயனி என்பது வேறொன்றுமில்லை. உப்பு தண்ணீரில் கரையும்போது மின்னேற்றத்தோடு தனித்தனியாகப் பிரிந்து அலையும் துகள். அதில் ஃபுளோரைடு மிகச் சிறியது. குடிநீரில் கொஞ்சம் இருந்தால் பாதகமில்லை. கூடினால் முளைக்கிற பல்லில் கறை விழும். பிறகு எலும்பில் இறங்கும்.

என் மூலக்கூறின் நடுவில் ஒரு பள்ளம் இருக்கும். பள்ளத்தின் விளிம்பில் இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் கை நீட்டிக்கொண்டு நிற்கும். ஃபுளோரைடு வந்து அதில் உட்கார்ந்தால், மஞ்சளாக இருந்த மூலக்கூறு சிவப்பாகிவிடும். காகிதப் பட்டையில் தடவிக் காயவைத்தால் போதும். தண்ணீரில் நனைத்து யாரும் நிறம் பார்க்கலாம். மின்சாரமும் வேண்டாம், ஆய்வகமும் வேண்டாம். இதற்காக எனக்குக் கைதட்டல்கள் கிடைத்திருக்கின்றன.

நான்கு ஆண்டுகளுக்கு முன் சங்கரன்கோவிலிலிருந்து கோமதி என்ற பள்ளி ஆசிரியை எனக்கு எழுதியிருந்தார். சுற்றியுள்ள ஊர்களில் கிணறுகளைச் சோதிக்கப் பட்டைகள் கிடைக்குமா என்று கேட்டிருந்தார். ஒரு கட்டு அனுப்பினேன். மேலநீலிதநல்லூர் தாண்டி ஒரு சிற்றூரில், சங்கரபாண்டி என்பவரின் கிணற்றுத் தண்ணீரில் பட்டை இரத்தச் சிவப்பாக மாறியது. எட்டு வீடுகள் குடித்த கிணறு. அந்த வாரமே அவர் அதை மூடிவிட்டார். அந்தக் கிணற்றின் தண்ணீரையும் டீச்சர் ஒரு பாட்டிலில் எனக்கு அனுப்பியிருந்தார், உறுதி செய்துகொள்ளட்டும் என்று.

அந்தப் பாட்டில் என் அலமாரியில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் நின்றது. நான் அப்போது ஆய்வுக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். போன குளிர்காலத்தில் ஆய்வகத்தை வேறு கட்டடத்துக்கு மாற்றியபோதுதான் கையில் அகப்பட்டது. மின்முனையை விட்டுப் பார்த்தேன். ஃபுளோரைடு மிகக் குறைவு. நல்ல தண்ணீர். ஆனால் பைகார்பனேட் என்ற இன்னொரு அயனி, நான் சோதித்துப் பார்த்திருந்த அளவைப்போல் பல மடங்கு இருந்தது. அது பள்ளத்தில் வந்து உட்காரவில்லை. நீட்டிய கையைப் பிடித்து முறித்துவிட்டிருந்தது. முறிந்தாலும் அதே சிவப்புதான்.

கடிதம் எழுதியிருக்கலாம். எழுதினேன், மூன்று முறை அழித்தேன். பிறகு கிளம்பி வந்தேன்.

லாட்ஜ் தேரடிக்குப் பக்கம். பெட்டியை மாடிக்கு ஏற்றுவதற்கு உதவிய மேனேஜர், "கோயிலுக்கா வந்திருக்கீய?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்வது சுலபமாக இருந்தது. "புத்து மண்ணு வாங்கிட்டுப் போங்க. எந்த நோயா இருந்தாலும் கேக்கும்" என்றார். பின்புறச் சன்னலைத் திறந்தால் விசைத்தறிகளின் சத்தம். பகல் முழுக்க நிற்காத சத்தம். டென்மார்க்கில் என் தெருவில் பக்கத்து வீட்டுக்காரர் கதவைச் சாத்தினால் அது ஒரு செய்தி.

காலையில் ஓட்டலில் இட்லியும் எள்ளுப் பொடியும். நல்லெண்ணெயைக் குழிகரண்டியால் ஊற்றினார்கள். டம்ளரில் தண்ணீர் வைத்தார்கள். நான் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு வைத்தேன். எதிரில் உட்கார்ந்திருந்தவர், "கேன் தண்ணிதாம்மா, குடிங்க" என்றார். நிறமில்லாத, மணமில்லாத ஒன்றை வெளிச்சத்தில் பார்த்து என்ன தெரியும்? பழக்கம்தான்.

கோமதி டீச்சர் ஸ்கூட்டரில் வந்து வீட்டுக்கு அழைத்துப்போனார். ஐம்பது வயதிருக்கும். என்னைவிட உயரம். உளுந்தஞ்சோறு, எள்ளுத் துவையல், கோழிக் குழம்பு. டென்மார்க்கில் என்ன சாப்பிடுவேன் என்று கேட்டார். கம்பு ரொட்டி மாதிரி கறுப்பாக ஒரு ரொட்டி, அதன்மேல் குளிர்ந்த மீன் என்றேன். "பாவம்" என்று சொல்லி இன்னொரு கரண்டி சோறு வைத்தார். நான் வந்த காரணத்தைப் போனிலேயே சொல்லியிருந்தேன். சாப்பிட்டு முடிக்கும்வரை அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இலையை எடுத்துப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். "மேடம், ஒண்ணு சொல்லுதேன், தப்பா எடுத்துக்கிடாதீங்க. கெணத்த மூடுன பெறவு போட்டு இப்பம் குடிக்காவள்லா, அந்த போர் தண்ணி, அத மட்டும் டெஸ்ட் பண்ணிச் சொல்லிட்டுப் போயிருங்க. கெணத்தப் பத்தி இனி எதுக்கு? மூடுனது மூடுனதுதான்."

"அவருக்குத் தெரிய வேண்டாமா?"

"தெரிஞ்சு என்ன செய்யப் போறாரு?" என்றார். பிறகு குரல் இறங்கியது. "நான் இங்கனதான இருக்கணும். அன்னைக்கு எட்டு வீட்டு ஆளையும் கூப்பிட்டு நிக்க வச்சு, அந்தச் செவப்பத் தூக்கிக் காட்டுனது நாந்தான்."

அன்று நடந்ததை அப்போதுதான் முழுதாகக் கேட்டேன். சங்கரபாண்டியின் கூடப்பிறந்த தம்பி செல்லையா. இருவருக்கும் அடுத்தடுத்த வீடு. செல்லையாவின் மனைவிக்கு வெகுநாளாக முழங்காலிலும் இடுப்பிலும் வலி. பட்டை சிவந்ததும், எல்லாம் இந்தத் தண்ணீரால்தான் என்று ஆகிவிட்டது. கிணறு மூடியபின்னும் வலி போகவில்லை. போன ஆண்டு அவள் இறந்தாள். அண்ணன் மாலை கொண்டு வந்தபோது செல்லையா, "ஒன் கெணத்தச் சொல்லிக்கிட்டேதான் செத்தா" என்று கூட்டத்துக்கு நடுவே சொல்லி, மாலையை வாங்க மறுத்துவிட்டார். அதற்குப் பிறகு பேச்சில்லை.

அன்று மாலை என் ஆய்வகத் தலைவர் போனில் வந்தார். நல்ல மனிதர். "தவறே செய்யாத முறை எது? கட்டுரைக்கு ஒரு திருத்தக் குறிப்பு அனுப்பிவிடலாம். ஒரு கிணறுதானே" என்றார். டேனிஷ் மொழியில் அது இன்னும் மென்மையாக ஒலித்தது. தறிச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மறுநாள் பஸ்ஸில் கிளம்பினோம். டீச்சர் வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பஸ் நிலையத்தில் எனக்கு முன்பே வந்து இடம் பிடித்து உட்கார்ந்திருந்தார். சந்தையில் பூக்கட்டுகளை இறக்கிவிட்டு வெறும் சாக்கோடு ஊர் திரும்பும் பெண்கள் வண்டி நிறைய. மேலநீலிதநல்லூர் போய்ச் சேருவதற்குள் வண்டி ஒருமுறை இருமி நின்றுவிட்டது. கண்டக்டர் இறங்கி முன்னால் போய் என்னமோ பார்த்துவிட்டு வந்து, "இனி போவாது. பொறத்தால வாரதுல ஏறிக்கிடுங்க" என்றார். யாரும் கோபப்படவில்லை. எல்லோரும் இறங்கி ஒரே ஒரு வேப்பமர நிழலில் நெருக்கி நின்றோம்.

சித்திரை வெயில். கரிசல் வெடித்துக் கிடந்தது. தூரத்தில் காற்றாலைகள் வரிசையாக நின்றன, ஒன்றுகூடச் சுற்றவில்லை. டென்மார்க்கிலும் கடற்கரை முழுக்க இதே வெள்ளை இறக்கைகள்தான். ஆனால் அங்கே அடியில் கடல் கிடக்கும்.

பக்கத்தில் நின்ற பெரியவர், "எந்தூரு தாயி?" என்றார்.

"மாயவரம் பக்கம்."

"காவேரித் தண்ணி குடிச்ச பிள்ளையா. குடுத்து வச்சவ" என்றார். வாய்க்காலில் கால் நனைத்துப் பள்ளிக்கூடம் போனவள் நான். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று அந்த வயதில் யோசித்ததே இல்லை. படித்துப் பட்டம் வாங்கியபின்னும் யோசிக்கவில்லை என்பதைத்தான் இங்கே வந்து தெரிந்துகொண்டிருந்தேன்.

பின்னால் வந்த பஸ்ஸில் இடமில்லை. ஒரு ஷேர் ஆட்டோவில் பாதி தூரம் போய், மீதியை நடந்தோம். ஊரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. பெண் கொடுக்கவும் எடுக்கவும் இருக்கிற ஊர். தண்ணீர் கெட்ட ஊர் என்று பெயர் விழுந்தால் முதலில் கல்யாணப் பேச்சுதான் நிற்கும்.

போர்க் குழாய் தெருமுனையில் இருந்தது. கிணற்றை மூடிய பிறகு எட்டு வீட்டாரும் சேர்ந்து போட்டது. பாறையைத் துளைத்து வெகு ஆழத்துக்கு இறக்கியிருக்கிறார்கள். அதற்குள் நான் அனுப்பிய பட்டைகள் தீர்ந்து போயிருந்தன. டீச்சர் இன்னொரு கட்டு கேட்டு எழுதியிருக்கிறார். நான் பதில் எழுதவில்லை. ஆகவே இந்தத் தண்ணீரை யாரும் சோதிக்கவில்லை.

மாரியம்மாள் என்ற இளம்பெண் குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். செல்லையாவின் மருமகள். நான் பாட்டிலில் பிடித்துக்கொள்ள வழிவிட்டாள். அவளுடைய ஏழு வயதுப் பெண் தர்ஷினி என் மீட்டரைப் பார்க்கக் குனிந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தது. முன்பல் இரண்டும் புதிதாக முளைத்திருந்தன. அவற்றின்மேல் சுண்ணாம்புக் கோடுகள்.

"ஏட்டி, வாய மூடு. பல்லக் காட்டாத" என்று மாரியம்மாள் அதட்டினாள். தர்ஷினி உடனே உதட்டை மடித்துக்கொண்டது. பழகிய வேகம் அது.

குழாயடித் திண்டில் சாமான்களைப் பரப்பினேன். மின்முனையைக் கழுவி, கரைசல்களில் சரிபார்த்து, போர்த் தண்ணீரில் விட்டேன். இந்த மின்முனையின் நுனியில் இருப்பது ஒரு படிகத் தகடு. நான் பிறப்பதற்கு முன்பே கண்டுபிடித்த பழைய சங்கதி. ஃபுளோரைடு மட்டுமே அதன் வழியாக நகரும். மீட்டரில் எண் ஏறி ஏறி நின்றது. அனுமதிக்கப்பட்ட அளவைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. கழுவி மறுபடி அளந்தேன். அதே எண்.

"இதுல பருப்பு வேக மாட்டேங்குதுக்கா" என்றாள் மாரியம்மாள் அவளாகவே. "பெரிய மாமா கெணத்துத் தண்ணியில பூ மாதிரி வெந்துரும்."

நான் நிமிர்ந்து அவளைப் பார்த்தேன். பைகார்பனேட் நிறைந்த தண்ணீரில் பருப்பு சீக்கிரம் வேகும். ஆப்பச் சோடா போடுவதைப் போலத்தான். என் மூலக்கூறை ஏமாற்றியது எது என்று இந்தத் தெருவில் உலை வைத்த எல்லாப் பெண்களுக்கும் தெரிந்திருக்கிறது. அதன் பெயர் மட்டும்தான் தெரியாது. யாரும் என்னிடம் சொல்லவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை.

சங்கரபாண்டி ஆடுகளைக் கிடையில் விட்டுவிட்டு மதியம் வந்தார். அறுபதை நெருங்கியவர். தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டே, "வாங்கம்மா. வெளிநாட்டுலருந்தா வாரீய?" என்றார். கிணறு எங்கே என்று கேட்டேன். வீட்டுக்குப் பின்னால் கூட்டிப்போனார்.

கிணறு இல்லை. வட்டமாக ஒரு மேடு இருந்தது. கல்லும் மண்ணும் போட்டு மூடிய பிறகு, அமுங்க அமுங்கத் தெருக்காரர்கள் குப்பை கொட்டியிருக்கிறார்கள். பாலித்தீன் பைகள், உடைந்த நாற்காலி, மருந்துப் பாட்டில்கள், ஒரு ஓரத்தில் அழுகிய ஏதோ ஒன்று. நாற்றம். "செத்த ஆட்டக்கூட இங்கனதான் போடுதாவ. நான் ஒண்ணும் சொல்லுததில்ல. வெசக் கெணறுதான" என்றார்.

எப்படித் தொடங்குவது என்று வழிநெடுக யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துவிட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் டீச்சர் ஓரடி முன்னால் போய், "அண்ணாச்சி, அன்னைக்கு அந்தக் காயிதத்தப் பாத்துச் சொன்னது நாந்தான். அது தப்பு" என்றார்.

அவர் புரியாமல் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். காகிதம் சிவந்ததற்குக் காரணம் விஷம் இல்லை என்று. உங்கள் தண்ணீர் ஒரு பாட்டிலில் என்னிடம் இருந்தது, அதை அளந்துவிட்டேன், நல்ல தண்ணீர் என்று. தவறு டீச்சருடையது இல்லை, அந்தக் காகிதத்தைச் செய்த என்னுடையது என்று. பாட்டில் எத்தனை காலம் என்னிடம் சும்மா இருந்தது என்பதையும் சொன்னேன். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவர் குப்பைமேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒங்க காயிதம் எப்படி ஆளத் தப்பாப் பிடிச்சுது?" என்று கடைசியில் கேட்டார்.

ஒன்றை மட்டும் அடையாளம் தெரிந்து பிடிக்கும்படிதான் செய்திருந்தேன், அதே சாயலில் வேறொன்று வந்து ஏமாற்றிவிட்டது என்றேன்.

அவர் தலையசைத்தார். "குட்டி செத்த தாயாட்டுக்கு நாங்க ஒண்ணு செய்வோம். செத்த குட்டித் தோல உரிச்சு, தாயில்லாத வேற குட்டி மேல போத்தி விடுவோம். மோந்து பாத்துட்டுத் தன் குட்டிதான்னு பால் குடுக்கும். அந்த மாதிரியா?"

"அந்த மாதிரிதான்."

"ஆடு ஏமாந்தா ஒரு குட்டி பொழைக்கும்" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டார். "என் தம்பிட்ட வந்து இதச் சொல்லணும். நாளைக்கு வாங்க. இன்னைக்கு என்னால ஏலாது."

அன்று சங்கரன்கோவிலுக்குத் திரும்பியதும் டீச்சர் வற்புறுத்தி ஒரு பிரியாணிக் கடைக்கு அழைத்துப்போனார். இந்த ஊருக்கு வந்துவிட்டு அதைச் சாப்பிடாமல் போகக்கூடாதாம். சின்னச் சீரகச்சம்பா அரிசி, எலும்பில்லாத ஆட்டுக்கறி. இரண்டு பேருமே பாதிக்குமேல் இலையில் வைத்துவிட்டு எழுந்தோம். கடைக்காரர் வருத்தத்தோடு, "உப்பு கூடிட்டா?" என்று கேட்டார்.

மூன்றாம் நாள் பஸ் சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. செல்லையா வீட்டு வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அண்ணனைவிட ஒல்லி, ஆனால் அதே முகம். தெருக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடிவிட்டார்கள். சங்கரபாண்டி தன் வீட்டு எல்லையிலேயே நின்றுகொண்டார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு முள்வேலி, புதியது.

முதலில் கிணற்றைப் பற்றிச் சொன்னேன். பிறகு போரைப் பற்றி. இந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம், முக்கியமாகப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம், காய்ச்சினாலும் போகாது என்றேன். மீட்டரை எடுத்து அவர்கள் கண்முன்னே மறுபடி அளந்து காட்டினேன்.

செல்லையா எண்ணைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "அன்னைக்கும் நீங்கதான சொன்னீய?"

"ஆமா."

"அன்னைக்கு அந்தத் தண்ணி வெசம்னீய. இன்னைக்கு இந்தத் தண்ணி வெசம்ங்கீய. நாளைக்கு இன்னொருத்தர் மிஷினத் தூக்கிட்டு வந்து இதுவும் நல்ல தண்ணின்னா?"

பின்னால் ஒருவர், "அதான. படிச்சவங்க வாக்கு மாறிக்கிட்டே இருக்கும்" என்றார். இன்னொருத்தி டீச்சரைப் பார்த்து, "ஒங்க பேச்சக் கேட்டுல்ல எங்க கெணறு போச்சு" என்றாள். அது சங்கரபாண்டியின் கிணறு. அந்த நிமிடத்தில் எல்லோருடைய கிணறாகவும் ஆகியிருந்தது. டீச்சருக்கு வியர்வை வழிந்தது, துடைக்கவில்லை.

"அப்பொ எம்பொஞ்சாதி எதுல செத்தா?" என்றார் செல்லையா. சத்தமாகக் கேட்கவில்லை.

எனக்குத் தெரியாது என்றேன். அந்தக் கிணற்றால் இல்லை என்பது மட்டும் தெரியும்.

அவர் எழுந்து வீட்டுக்குள் போய்விட்டார். கூட்டம் கலைந்தது. சங்கரபாண்டி முள்வேலிக்கு அந்தப் பக்கம் அப்படியே நின்றார். தம்பி ஒருமுறை தன் பக்கம் திரும்பிப் பார்ப்பான் என்று நினைத்திருப்பார் போல.

நாங்கள் கிளம்பும்போது மாரியம்மாள் ஓடி வந்தாள். "அக்கா, மெயின் ரோட்டுல ஆத்துத் தண்ணி பைப்பு இருக்கு. தெனமும் கொஞ்ச நேரம் வரும். அது நல்லாருக்குமா?" என்றாள். அளந்து பார்க்கலாம் என்று மூவரும் போனோம். நடந்தால் அரைமணி நேரம். குழாயில் அப்போது தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அளந்தேன், மிக நல்ல தண்ணீர். எண்ணைக் காட்டினேன். அவள் அதைப் பார்த்துவிட்டுக் கேட்டாள், "இது மாறாதுல்லா?"

இன்றைக்கு இந்தத் தண்ணீர் நல்ல தண்ணீர் என்றேன். அதற்குமேல் சொல்ல எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

"எல்லாருக்கும் இங்கேருந்து சொமக்க முடியாது. புள்ளைக்கு மட்டும் கொண்டு போறேன். எங்களுக்கு எலும்பெல்லாம் முத்திட்டு, அது கெடக்கட்டும்" என்றாள். இருபத்தாறு வயது இருக்கும் அவளுக்கு.

நான்காம் நாள் மாலை எனக்கு ரயில். அளவுகளைத் தமிழில் தெளிவாக எழுதி எட்டுப் பிரதி எடுத்து வைத்திருந்தேன். கொடுத்துவிட்டு வரக் காலையில் தனியாகப் போனேன். டீச்சர் பள்ளிக்கூடத்தில் வேலை இருக்கிறது என்றார். விடுமுறைக் காலம்.

மூன்று வீட்டில் வாங்கிக்கொண்டார்கள். இரண்டு வீட்டில் கதவு திறக்கவில்லை. ஒரு வீட்டில் வாங்கி, என் கண்முன்னே அடுப்புப் பக்கம் வைத்தார்கள். செல்லையா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் நீட்டிய காகிதத்தைப் பார்த்தார், கை வரவில்லை. கட்டிலின் ஓரத்தில் வைத்துவிட்டு நின்றேன். போகச் சொல்லவும் இல்லை, உட்காரச் சொல்லவும் இல்லை.

அப்போது மெயின் ரோட்டுப் பக்கமிருந்து ஒரு மொபெட் வந்தது. ஓட்டி வந்தவர் சங்கரபாண்டி. முன்னால், காலுக்கிடையில் ஒரு வெள்ளைக் கேன், தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. தன் வீட்டைத் தாண்டி வந்து தம்பி வாசலில் நிறுத்தினார். செல்லையா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கேனை இறக்குவது அவருக்குக் கஷ்டமாக இருந்தது. நான் ஒரு பக்கம் பிடிக்கப் போனேன். வேண்டாம் என்று தலையசைத்தார். நெஞ்சோடு அணைத்துத் தூக்கி, படியருகே கொண்டு வந்தார். வாசலை அடைத்துக்கொண்டு தம்பி நீட்டியிருந்த கால்கள். தாண்டிப் போகவும் முடியாது, விலகு என்று சொல்லவும் பேச்சில்லை. கேனைச் சுமந்தபடியே நின்றார். மூச்சு வாங்கியது. உள்ளேயிருந்து மாரியம்மாள் வந்து, மாமனாரைப் பார்த்துவிட்டு, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. செல்லையா அண்ணன் பக்கம் திரும்பவே இல்லை. தெருவைப் பார்த்தபடியே இரண்டு கால்களையும் மடக்கிக் கட்டிலின்மேல் வைத்துக்கொண்டார்.

சங்கரபாண்டி குனிந்து உள்ளே போனார்.